அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் அணித்தோழர்களுக்கிடையே நம்பிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடற்கரையில் டிஸ்க் எனப்படும் பிளாஸ்டிக் வட்டை எறிந்து விளையாடுகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட்டு வந்து சேர்பவர்கள், முதல் மாதத்தில் கேட்பதெல்லாம் கையைப் பற்றித்தான். ஃபோர்ஹேண்ட் எறிந்தால் டிஸ்க் ஏன் தள்ளாடுகிறது, மணிக்கட்டை எப்படிச் சுண்ட வேண்டும் என்று கேட்பார்கள். ஆறு மாதம் ஆனபின் கேள்விகள் மாறிவிடும். "நான் தனியாகத்தானே ஓடினேன், எனக்கு ஏன் வரவில்லை?" என்றும், "அவர் தவறவிடுவார் என்று தெரிந்தே ஏன் எறிய வேண்டும்?" என்றும் கேட்கத் தொடங்குவார்கள். பெசன்ட் நகர் மணலில் பயிற்சி முடிந்து நின்றபடியே நான் பலமுறை பதில் சொன்ன கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த ஆட்டத்தைப் பார்த்தே இராதவருக்குச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மேப்பிள்வுட் என்ற ஊரிலுள்ள கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 1968இல் தொடங்கிய ஆட்டம் இது. புல்தரையில் ஓர் அணிக்கு 7 பேர். களம் 100 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்டது. இரு முனைகளிலும் 18 மீட்டர் ஆழத்துக்கு எண்ட் ஸோன் எனப்படும் பகுதி உண்டு. எதிரணியின் முனையிலுள்ள அந்தப் பகுதிக்குள் நம் அணியினர் ஒருவர் டிஸ்க்கைப் பிடித்தால் ஒரு புள்ளி. டிஸ்க்கின் எடை 175 கிராம். அதைக் கையில் வைத்திருப்பவர் ஓடக்கூடாது. ஒரு காலை ஊன்றி நின்றபடி 10 எண்ணி முடிப்பதற்குள் எறிந்துவிட வேண்டும். டிஸ்க் தரையில் விழுந்தாலோ, எல்லைக்கு வெளியே போனாலோ, எதிரணி தட்டிவிட்டாலோ அது எதிரணிக்குப் போய்விடும். மணலில் ஆடும்போது களம் சிறியது, அணிக்கு 5 பேர்.

நம்பிக்கை எல்லாக் குழு விளையாட்டுக்கும் வேண்டியதுதானே, இதில் மட்டும் தனியாக என்ன இருக்கிறது?

கால்பந்தில் ஒருவர் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு நான்கு பேரைக் கடந்து போய்க் கோல் அடிக்கலாம். கபடியில் பாடிப் போகிறவர் தனி ஆளாகப் புள்ளி எடுத்துத் திரும்பலாம். அல்டிமேட்டில் இப்படி ஒன்று நடக்கவே வழியில்லை. உலகின் மிகச் சிறந்த வீரராக இருந்தாலும், டிஸ்க் கைக்கு வந்த மறுகணம் அவர் நட்டுவைத்த கம்பம்தான். அவருக்காக இன்னொருவர் ஓடினால்தான் டிஸ்க் முன்னே நகரும்.

இரண்டாவது காரணம் டிஸ்க் பறக்கும் விதம். அது பந்தைப்போல நேரே போய் விழாமல் காற்றில் மிதந்து செல்வதால், நல்ல எறிதல் ஆளை நோக்கிப் போவதில்லை. ஆள் வந்து சேரப்போகிற வெற்றிடத்தை நோக்கிப் போகிறது. கட்டர் என்று நாம் சொல்லும் ஓட்டக்காரர் எறிபவரை நோக்கி நான்கு எட்டு ஓடிவந்து, சட்டென்று காலை ஊன்றித் திரும்பி, களத்தின் எல்லையைக் குறிக்கத் தொலைவில் வைத்திருக்கும் கூம்பை நோக்கிப் பாய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தேர்ந்த ஜோடியாக இருந்தால், அவர் திரும்பி முடிக்கும் முன்பே டிஸ்க் கையை விட்டுப் போயிருக்கும். அந்தக் கணத்தில் படம் எடுத்துப் பார்த்தால், ஆளே இல்லாத இடத்துக்கு ஒருவர் எறிகிறார் என்றும், டிஸ்க்கையே பார்க்காமல் இன்னொருவர் ஓடுகிறார் என்றும்தான் தோன்றும்.

மூன்றாவது, நடுவர் இல்லாமை. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

அப்படியானால் அணியில் எல்லோரும் நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. களத்துக்கு வெளியே ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளாத இருவர் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சினிமாவுக்கும் பிரியாணிக்கும் ஒன்றாகவே போகிற நண்பர்கள் களத்தில் ஒருவருக்கொருவர் கொடுக்கத் தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். "இந்த நிலைமையில் இவர் இன்ன இடத்தில் இருப்பார்" என்ற கணிப்பு பொய்க்காமல் இருப்பதையே நான் நம்பிக்கை என்கிறேன். நல்ல மனிதர், பாசமானவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஓர் அணிக்குள் நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்பதை ஆட்டத்தில் எங்கே பார்க்கலாம்?

எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான இடம், எண்ணிக்கை ஆறு ஆகும்போது. டிஸ்க் வைத்திருப்பவருக்கு எதிரே நின்று தடுப்பவர், அதாவது மார்க்கர், "ஸ்டாலிங்" என்று தொடங்கி ஒன்று முதல் பத்து வரை உரக்க எண்ணிக்கொண்டே வருவார். முன்னால் ஓடும் கட்டர்கள் யாரும் தனியாகக் கிடைக்கவில்லை என்றால், எறிபவர் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ நிற்கும் தோழருக்கு டிஸ்க்கைக் கொடுத்துவிட்டு எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவைக்கலாம். இதற்கு டம்ப் என்று பெயர்; அப்படி வாங்குகிற தோழரையும் டம்ப் என்றே அழைப்போம். நான்கைந்து மீட்டர் தூரம்தான். முன்னேற்றம் எதுவும் இல்லை. பார்வையாளர்கள் கைதட்டவும் மாட்டார்கள். ஆனால் ஆட்டத்தின் உயிர் இதில் இருக்கிறது.

ஆறு என்று கேட்டதும் எறிபவர் இடுப்போடு சேர்ந்து முழு உடலையும் டம்ப் பக்கம் திருப்பினால், அந்த அணியில் நம்பிக்கை இருக்கிறது என்று கொள்ளலாம். அவர் திரும்பிய கணமே டம்ப் ஓடத் தொடங்கிவிடுவார்; ஏழு, எட்டுக்குள் டிஸ்க் கைமாறிவிடும். நம்பிக்கை இல்லாத அணியில் எறிபவர் எட்டு வரையிலும் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்பதில் பதறிப்போய் முப்பது மீட்டருக்கு வீசி எறிவார், அது எதிரணியின் கையில் போய் உட்காரும். எல்லோரும் எறிந்தவரைத் திட்டுவார்கள். அந்தப் பக்கம் டம்ப் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பார்த்தால், இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்திருப்பார். கேட்டால், "அவர் எப்போதும் என்னைப் பார்ப்பதே இல்லை, ஓடி என்ன பயன்?" என்பார். எறிபவரைக் கேட்டால், "அவர் எப்போதும் ஓடுவதே இல்லை, பார்த்து என்ன பயன்?" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான் என்பதால் வழக்கைத் தீர்க்கவே முடியாது. எங்கள் அணியில் கடைசியில் ஒரு சட்டம் போட்டோம்: கண் சந்தித்தாலும் சந்திக்காவிட்டாலும், ஆறு என்று காதில் விழுந்தால் டம்ப் ஓடியே தீர வேண்டும், கொடுக்கும் வாய்ப்பு இல்லாவிட்டாலும் எறிபவர் திரும்பியே தீர வேண்டும். இரண்டு வாரம் அபத்தமாகத்தான் இருந்தது, அதன் பிறகு பழகிவிட்டது.

தடுப்பாட்டத்தில் ஒவ்வொருவரும் தம் ஆளைத்தானே பார்த்துக்கொள்கிறார்கள்? அங்கே நம்பிக்கைக்கு என்ன வேலை?

பந்தயத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த எண்ணம்தான். ஏழு பேர் ஏழு பேரைத் தனித்தனியாகத் தடுப்பதாக வெளியிலிருந்து தோன்றும்; உண்மையில் களத்தைப் பாதியாகப் பிரித்துக் காக்கிறோம். மார்க்கர் எறிபவரின் ஒரு பக்கத்தை மட்டும் மறைத்து நிற்கிறார், மறுபக்கத்தை வேண்டுமென்றே திறந்துவிடுகிறார். இதை ஃபோர்ஸ் என்கிறோம். மற்ற ஆறு பேரும் தத்தம் ஆளுக்குத் திறந்த பக்கமாக நிற்கிறார்கள். மூடிய பக்கத்தை மார்க்கர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறார்கள்.

இந்த ஏற்பாடு இரண்டு விதத்தில் உடையும். ஒன்று, புதிய மார்க்கரின் தன்மானம். திறந்த பக்கம் டிஸ்க் பறந்து போகும்போது தன்னை ஏமாற்றிவிட்டதாக அவருக்குத் தோன்றும். அடுத்த முறை இரண்டு பக்கமும் கை நீட்டித் தடுக்கப் பார்ப்பார். எறிபவர் ஒரு பொய்யசைவு காட்டிவிட்டு மூடிய பக்கத்தில் எறிந்துவிடுவார். அங்கே பிடிப்பவருக்கும் எண்ட் ஸோனுக்கும் நடுவில் யாருமே இருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஆறு பேரும் மார்க்கரை நம்பி எதிர்ப்பக்கம் நிற்கிறார்கள். இன்னொன்று இதன் தலைகீழ்: மார்க்கர்மேல் நம்பிக்கை இல்லாத தடுப்பாளர், மூடிய பக்கத்துக்கும் ஒரு காலை வைத்து நடுவில் நிற்பார். திறந்த பக்கத்தில் இரண்டு எட்டு தாமதமாவார், அது போதும். முதல் தவறு கண்ணில் படுகிறது, எல்லோரும் பேசுகிறோம். இரண்டாவது அவ்வளவு எளிதில் தெரிவதில்லை. காணொளி எடுத்துப் பார்த்தபோதுதான், நானே ஒரு தொடர் முழுக்க அப்படி நின்றிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

ஆட்டத்தின்போது ஏன் இவ்வளவு கத்துகிறார்கள்?

தன் ஆளைத் துரத்தும் தடுப்பாளருக்கு டிஸ்க் பெரும்பாலும் முதுகுப்பக்கம் இருக்கும். எறியப்பட்டதை அவர் பார்க்க முடியாது. அதனால் மார்க்கரோ ஓரத்தில் நிற்பவரோ "அப்!" என்று கத்த வேண்டும், கேட்டவர் திரும்பித் தேட வேண்டும். எறியாதபோதே பதற்றத்தில் கத்துகிறவரின் குரலை நாலாவது முறை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

கலப்பு அணியில் பெண்களுக்கு டிஸ்க் வருவதில்லை என்ற குறை உண்மையா?

உண்மை. சென்னையில் மட்டுமல்ல, இந்த ஆட்டம் ஆடப்படும் எந்த நாட்டிலும் கேட்கிற குறை இது. கலப்புப் பிரிவில் களத்திலுள்ள 7 பேரில் 4 ஆண்கள், 3 பெண்கள், அல்லது 3 ஆண்கள், 4 பெண்கள் என்ற விகிதத்தில் ஆடுவார்கள். சரியான நேரத்தில், சரியான இடத்தில் ஒரு பெண் தனியாக ஓடிவருகிறார்; டிஸ்க் வைத்திருப்பவர் அவரைப் பார்க்கிறார்; பார்த்துவிட்டு, பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுகிறவரைப் போலத் தாண்டிப்போய், இரண்டு தடுப்பாளர்களுக்கு நடுவில் ஓடும் தன் வழக்கமான தோழனுக்கு எறிகிறார். எறிந்தவர் அதைப் பாரபட்சம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். "பாதுகாப்பான முடிவு" என்பார்.

இதில் நானும் குற்றவாளிதான். ஒரு போட்டியின் அரையிறுதிக்குப் பிறகு, எங்கள் அணியின் மூத்த வீராங்கனை ஒருவர் ஆத்திரப்படாமல், விரல்விட்டு எண்ணுவதைப் போல மூன்று ஓட்டங்களைச் சொன்னார்: இடப்பக்கக் கூம்பருகே ஒன்று, எண்ட் ஸோனின் பின்மூலையில் ஒன்று, கடைசிப் பாயிண்டில் எனக்குப் பத்தடி முன்னால் ஒன்று. மூன்றிலும் அவர் தனியாக இருந்தார், மூன்றையும் நான் பார்த்திருந்தேன். "நான் தவறவிட்டு நீங்கள் கொடுக்காமல் இருந்தால் புரிந்துகொள்வேன். நான் இன்னும் தவறவிடவே இல்லையே" என்றார். எனக்குப் பதில் இல்லை.

மேற்சொன்ன கணிப்பு இங்கேதான் சிக்கலாகிறது. ஒருவரைப் பற்றிய கணிப்பு அவருக்கு எறிந்து பார்த்தால்தான் உருவாகும். எறியவே இல்லை என்றால், எறியாமல் இருப்பதற்கான காரணமும் தீராது. அதற்குள் அவர் ஓடுவதையும் குறைத்துக்கொள்வார், யாராக இருந்தாலும் குறைத்துக்கொள்வார்கள். ஆகவே பயிற்சி ஆட்டங்களில் ஒரு புள்ளிக்கு முன் அனைவரும் ஒருமுறையாவது டிஸ்க்கைத் தொட்டிருக்க வேண்டும் என்று வைத்து ஆடுவதை நான் பரிந்துரைக்கிறேன். செயற்கையானதுதான், பழைய வழக்கமும் யாரோ உண்டாக்கியதுதானே.

டிஸ்க்கைத் தவறவிட்ட தோழரிடம் என்ன சொல்வது?

பெரிதாக எதுவும் சொல்ல வேண்டாம். தவறவிட்ட கணமே டிஸ்க் எதிரணியுடையது, அங்கேயே எடுத்து எறிந்துவிடுவார்கள். ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் இரண்டு பேராகத் தடுப்பாட்டத்துக்குத் தாமதமாவோம். "ஆளைப் பிடி" என்றால் போதும். பிறகு டிஸ்க் நம் கைக்குத் திரும்பி வரும்போது, அவர் தனியாகக் கிடைத்தால் அவருக்கே எறியுங்கள். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு மீதி ஆட்டம் முழுக்க அவரைத் தவிர்ப்பதைவிட இது நூறு மடங்கு மேல்.

அதே சமயம், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகத் தவறவிடுகிறார் என்றால் அது நம்பிக்கைப் பிரச்சினை அல்ல, கைப் பிரச்சினை. வேகமாக வரும் டிஸ்க்கை ஒரு கையால் எட்டிப் பிடிக்காமல், இரு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அப்பளத்தை அமுக்குவதுபோலப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தால் பாதி தீர்ந்துவிடும்.

நடுவர் இல்லாமல் ஆடுவதற்கும் அணிக்குள் இருக்கும் நம்பிக்கைக்கும் என்ன தொடர்பு?

எதிரணியை நம்புவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது முதலில் சோதிப்பது சொந்த அணியை.

விதி இப்படி: தவறு நடந்ததாக நினைப்பவர் "ஃபவுல்" என்று அழைப்பார், எதிரே இருப்பவர் ஏற்றுக்கொள்ளலாம், அல்லது "கன்டெஸ்ட்" என்று மறுக்கலாம். மறுத்துவிட்டால், பெரும்பாலும் டிஸ்க் கடைசியாக எறிந்தவரிடம் திரும்பிப் போய் ஆட்டம் தொடரும். இதோடு உலகப் பறக்கும் வட்டு கூட்டமைப்பின் விதிகள் இன்னொன்றையும் எதிர்பார்க்கின்றன: தன் அணித்தோழர் தவறாகவோ தேவையில்லாமலோ அழைத்திருந்தால், அதை அவரிடமே எடுத்துச் சொல்ல வேண்டும். எதிரணிக்கு எதிராக வாதாடுவது எளிது. புள்ளி போகும் என்று தெரிந்தும் நம்மவரிடம் "உன் கால் கோட்டில்தான் இருந்தது" என்று சொல்வது கடினம்.

ஒருமுறை எங்கள் அணி சம நிலையில் இருந்தபோது, எண்ட் ஸோனின் முன்கோட்டருகே ஒரு டிஸ்க்கைப் பிடித்துவிட்டு நான் இரு கைகளையும் உயர்த்திவிட்டேன். மணலில் பதித்திருந்த நாடாவின்மேல் என் இடது குதிகால் இருந்திருக்கிறது. முன்கோடு எண்ட் ஸோனைச் சேர்ந்ததல்ல, அதனால் அது புள்ளியாகாது. எதிரணியில் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எங்கள் பக்கம் நின்ற பத்தொன்பது வயதுப் பையன்தான், "அண்ணா, இல்ல, கோட்டு மேல" என்றான். அந்த நொடியில் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இரண்டு எறிதல்களில் அந்தப் புள்ளியை எடுத்துவிட்டோம், அது வேறு விஷயம். அதற்குப் பிறகு அவன் "உள்ளேதான் அண்ணா" என்று சொன்னால், என் அணி மட்டுமல்ல, எதிரணியும் மறுபேச்சுப் பேசாமல் திரும்பி நடந்ததை நான் பலமுறை பார்த்தேன். உயரமாகத் துள்ளும் ஒருவரைவிட இப்படி ஒருவர் அணிக்குப் பயன்படுவார்.

உலக அளவிலும் நடுவர் கிடையாதா?

உலகப் போட்டிகளில் ஆலோசகர்கள் இருப்பார்கள். கேட்டால் விதியை விளக்குவார்கள், தீர்ப்பு வீரர்களுடையதே. அமெரிக்கத் தொழில்முறை லீகில் மட்டும் நடுவர்கள் உண்டு. அங்கேகூட, நடுவர் தனக்குச் சாதகமாகத் தவறாகச் சொன்னதை வீரரே திருத்தி எதிரணிக்குக் கொடுக்க இடமிருக்கிறது.

ஸ்பிரிட் மதிப்பெண் என்பது என்ன? அது அணிக்குள் உதவுமா?

ஆட்டம் முடிந்ததும் ஓர் அணி மற்ற அணிக்கு ஐந்து தலைப்புகளில் 0 முதல் 4 வரை மதிப்பெண் தருகிறது: விதிகளை அறிந்து பயன்படுத்துதல், உடல் மோதலைத் தவிர்த்தல், நியாய மனம், சுயக்கட்டுப்பாடு, பேச்சு. சாதாரணமான, நல்ல ஆட்டத்துக்குத் தலைப்புக்கு 2 வீதம் 10 வரும். எதிரணிக்கு எவ்வளவு கொடுப்பது என்று வட்டமாக உட்கார்ந்து பேசும்போது, நாம் எப்படி நடந்துகொண்டோம் என்ற பேச்சும் தானாக வந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை வெறும் சடங்காக முடித்துவிடும் அணிகள் நல்ல வாய்ப்பை வீணாக்குகின்றன.

காற்று பலமாக இருக்கும்போது நம்பிக்கை குலைகிறதே, என்ன செய்யலாம்?

சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று எழும்பிவிட்டால் நீண்ட எறிதல்களை மறந்துவிட வேண்டியதுதான். எதிரணியும் அதைப் பார்த்து, ஆளுக்கு ஆள் என்றில்லாமல் இடத்தைக் காக்கும் ஸோன் தடுப்புக்கு மாறி, டிஸ்க்கைச் சுற்றி மூன்று பேரைக் கிண்ணம்போல நிறுத்தும். அப்போது இருபது, முப்பது சிறு எறிதல்களை இப்படியும் அப்படியுமாகக் கொடுத்து வாங்கிக்கொண்டே இடைவெளிக்குக் காத்திருப்பதுதான் வழி. இருபதாவது எறிதலில் ஒருவருக்குப் பொறுமை தீர்ந்து, தலைக்குமேல் ஒன்றை வீசிப் பார்ப்போமே என்று தோன்றும். காற்று கெடுத்ததாகச் சொல்வோம். என் கணக்கில் பாதி, அடுத்து வாங்குபவர் இதைவிட நன்றாகச் செய்ய மாட்டார் என்ற எண்ணம் கெடுத்தது.

கேப்டன் என்னை வெளியில் உட்காரவைக்கிறார். எப்படி எடுத்துக்கொள்வது?

ஆள் மாற்றம் ஒரு புள்ளி முடிந்த பிறகுதான், காயம் நேர்ந்தால் மட்டும் நடுவில். எனவே முக்கியமான புள்ளிகளில் உள்ளே போகிறவர் யார் என்பது எல்லோர் கண்ணிலும் படும், மனத்திலும் தைக்கும். கேப்டன்களுக்கு ஒரு வேண்டுகோள்: போட்டிக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். "நாளை நீ பெரும்பாலும் தடுப்பு வரிசையில்தான், காற்று எதிரே இருந்தால் மட்டும் கூப்பிடுவேன்" என்று முன்பே கேட்டவர், ஓரத்தில் நின்று தொண்டை வற்ற "அப்!" சொல்வார். ஆட்டத்தின் நடுவில்தான் தெரிந்துகொண்டவர் காலணியைக் கழற்றிவிடுவார்.

இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டா?

கண்ணைக் கட்டிக்கொண்டு விழுவது, ஒருவர் தோளில் ஒருவர் சாய்வது போன்ற நிறுவனப் பட்டறை விளையாட்டுகளில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆட்டத்திலேயே வரும் சூழ்நிலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் பயன்தருகிறது. மூன்று பேர் போதும்: ஒருவர் எறிபவர், ஒருவர் மார்க்கர், ஒருவர் டம்ப். மார்க்கர் எண்ணிக்கையை ஐந்திலிருந்து தொடங்கட்டும். ஆறில் எறிபவர் திரும்ப, டம்ப் ஓட, எட்டுக்குள் டிஸ்க் கைமாற வேண்டும்; பிறகு இடம் மாறிக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியாகச் செய்துகொண்டே இருக்காமல் அணியில் எல்லோரும் எல்லோருடனும் செய்து முடிக்கும்படி பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது. யாருடன் செய்யும் முறை வந்தால் முகம் சுளிக்கிறீர்கள் என்பதைக் கவனித்து, அவரோடு இரண்டு சுற்று கூடுதலாகச் செய்யுங்கள். அவரிடம் காரணம் சொல்ல வேண்டாம்.